கரிசல்பேட்டைக்காரர்களின் வலது கை

கரிசல்பேட்டையில் மனிதர்களின் வலது கை தானாக எழும்பத் தொடங்கியது ஒரு வத்தல் ஏலத்தின்போதுதான் என்பதில் ஊருக்குள் இரண்டு பேச்சு கிடையாது. செவ்வாய்க்கிழமை முற்பகல், தனுஷ்கோடி அண்ணாச்சியின் மண்டியில், ஆள் உயரத்துக்குக் குவித்த மிளகாய் வத்தலைச் சுற்றி வியாபாரிகள் நின்றுகொண்டிருந்தார்கள். தரகர் விலையைக் கூவிக்கொண்டிருந்தார். அதுவரை ஒரு ரூபாய் ஏற்றுவதற்கே பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல யோசித்துக்கொண்டிருந்த அந்த மனிதர்களில் பாதிப்பேர், யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி, ஒரே நேரத்தில் வலது கையைத் தூக்கினார்கள். தூக்கியவர்கள் தங்கள் கையைத் தாங்களே அண்ணாந்து பார்த்தார்கள். தரகர் முகங்களைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தார். விலையை ஏற்றினார், மறுபடி கைகள் எழும்பின, மறுபடி ஏற்றினார். அன்றைக்கு வத்தல் போன விலைக்கு அதற்கு முன்பும் போனதில்லை, பின்பும் போனதில்லை. அந்த வத்தலை விளைவித்து விற்ற சம்சாரி இன்றைக்கும் ஆடி மாதம் முகம் தெரியாத ஒரு டாக்டரின் பேரில் தேங்காய் உடைக்கிறான்.

அந்த டாக்டர் கடலுக்கு அப்பால், பனி கொட்டும் ஏதோ ஒரு நகரத்தில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் ‘சர்க்கரை வியாதி’ என்று தட்டியிருந்தார். விஷயம் அவ்வளவுதான்.

அது எப்படி என்றால், பருத்தி அரைத்த பழைய ஜின்னிங் மில் கட்டடத்தில் ஓர் ஆய்வு நிலையம் திறந்து, ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் வலது கையில் ரத்தம் எடுத்து, எச்சில் எடுத்து, ஒரு குழாயில் மூச்சை ஊதச் சொல்லி, ஆளுக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர் கொடுத்திருந்தார்கள். ரத்தமும் மூச்சும் கொடுக்காதவர் ஊரில் யாரும் இல்லை. மூன்று மண்டிக்குச் சொந்தக்காரரான தனுஷ்கோடி அண்ணாச்சி, டம்ளர் கனமாக இருக்கிறது என்று இரண்டாம் தடவையும் வந்து ஊதிவிட்டுப் போனார். பேர் வெளியே போகாது, ஊர் வெளியே போகாது, நம்பர் மட்டும்தான் போகும், உலகத்தில் எந்த மூலையில் இருக்கிற ஆராய்ச்சிக்காரரும் போர்ட்டல் என்கிற அவர்களுடைய கம்ப்யூட்டர் பக்கத்தில் வியாதியின் பேரைத் தட்டினால் அந்த வியாதிக்காரர்களின் விவரமெல்லாம் அவர் முன்னால் வந்து வரிசையாக நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள். விவரம் வந்து நிற்கும் என்றுதான் சொன்னார்களே தவிர, கையும் எழும்பும் என்று சொல்லவில்லை, அவர்களுக்கும் தெரிந்திருக்காது. நிலையத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த ஜெஸிந்தா என்ற தூத்துக்குடிப் பெண்ணிடம் ஊரே திரண்டு போய்க் கேட்டபோது, அவள் ‘ரத்தக் கொதிப்பு’ என்று தட்டிப் பார்த்தாள், கூட்டத்தில் எழும்பிய கைகளைப் பார்த்தாள், பிறகு திரும்பி, “தேடுதாங்க, வேற ஒண்ணுமில்ல” என்றாள். வேறு ஒன்றும் இல்லை என்றதும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மழை வராததையும் தண்ணீர் லாரி வராததையும் ஓட்டு வாங்கிப் போனவர் திரும்பி வராததையும் பழகிக்கொண்ட ஊருக்கு, ஒரு கை எழும்புவதைப் பழகிக்கொள்வதா பெரிய காரியம். மண்டிக்காரர்கள் கூவி ஏலம் விடுவதை நிறுத்திவிட்டு, தாத்தன் காலத்து வழக்கப்படி துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசத் தொடங்கினார்கள். வலது கை மேலே போய்விட்டால் பேரம் பாதியில் நிற்கும், கை இறங்கியதும் விட்ட விரலிலிருந்து தொடரும். சாலையோரம் கை எழும்பியவர்களுக்கெல்லாம் நின்று நின்று நேரம் தவறிப்போன டவுன் பஸ்ஸின் கண்டக்டர், படியிலிருந்து தலையை நீட்டி, “கை பஸ்ஸுக்கா, கம்ப்யூட்டருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் விசில் ஊதினார். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்து கணக்குக் கேட்ட நேரம் பார்த்து யாரோ ‘வயிற்றுப் பூச்சி’ என்று தேடித் தொலைக்க, வகுப்பு முழுக்கக் கை தூக்கியது, வாத்தியாருக்கு நற்சான்று கிடைத்தது. கல்யாண வீட்டில் பெண்ணின் கையும் மாப்பிள்ளையின் கையும் முகூர்த்த நேரத்தில் ஒன்றாக எழும்பின. ரத்தச்சோகை இரண்டு பேருக்கும் இருக்கிறது, பத்துப் பொருத்தத்தோடு இது ஒன்று கூடுதல் என்று பெரியவர்கள் அட்சதை போட்டார்கள். நாளடைவில் கை எழும்புவதே ஒரு கௌரவமாகிவிட்டது. சர்க்கரைக்காரர்கள் காலையிலும் மாலையிலும் ஓயாமல் தூக்கிக்கொண்டிருந்ததால், எங்கள் வியாதியை உலகமே தேடுகிறது என்று தோளைக் குலுக்கிக்கொண்டு திரிந்தார்கள்.

இதையெல்லாம் கண்டு வயிறு எரிந்தவள் ஊரில் ஒருத்திதான். ஆவுடைத்தங்கம். வத்தலுக்குக் காம்பு கிள்ளும் தொழிலாளர் சங்கத்தின் தலைவி, ஊருக்குத் தோழரக்கா.

ஆவுடைத்தங்கம் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஊர்வலம் போன பிறகு தெருவில் கிடக்கும் துண்டுப் பிரசுரங்களைப் பொறுக்கி எழுத்துக் கூட்டிப் படித்தவள். எல்லோரும் அம்மா, ஆடு என்று தொடங்கினால் அவள் ‘அறைகூவல்’ என்ற சொல்லிலிருந்து தொடங்கினாள். அவள் கோஷம் போட்டால் ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும் என்பார்கள். கை தூக்குங்கள், கை தூக்குங்கள் என்று வாழ்நாளெல்லாம் இந்த ஊரைக் கெஞ்சியிருக்கிறாள். வத்தல் அறையின் ஜன்னலைத் திறக்கச் சொல்லி வேலைநிறுத்தம் என்றால் தூக்காத கை, பிரசவ விடுப்புக்குத் தூக்காத கை, முகம் தெரியாத எவனோ ஒரு பட்டனைத் தட்டினால் முந்திக்கொண்டு தூக்குகிறதே என்று மனம் கசந்து போனாள். அதோடு விட்டாளா என்றால் இல்லை. சங்கக் கூட்டத்தில் அவள் ஒரு தீர்மானத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது ரத்தச்சோகையை யாரோ தேட, இருந்த பெண்கள் அத்தனை பேரும் கை தூக்க, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அது செல்லாது என்று சொல்ல அவளுக்கும் மனம் வரவில்லை. அன்றைக்கு அவள் ஒன்று சொன்னாள். எழும்புகிற கை எழும்பட்டும், அது நம் வசத்தில் இல்லை. ஆனால் எழும்பிய கையை மொட்டையாக விரித்து வைத்திருக்காமல் முஷ்டி மடக்குவது நம் வசத்தில்தான் இருக்கிறது. மடக்கும்போது கட்டைவிரல் வெளியே இருக்க வேண்டும், உள்ளே வைத்து மடக்கினால் அது முஷ்டி இல்லை, முடிச்சு. அப்படி ஒவ்வொருத்தியின் விரலையும் பிடித்து மடக்கிக் காட்டினாள். அதிலிருந்து காம்பு கிள்ளும் பெண்கள் ரத்தச்சோகைக்கு முஷ்டி உயர்த்தினார்கள்.

இதையெல்லாம் அவள் சொன்னது குசுகுசுவென்றுதான். ரயில்வே கேட் வரைக்கும் கேட்ட குரல் இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே கேட்காது. வத்தல் காம்பு கிள்ளுகிறவர்களுக்கு அது வருவதுதான். காற்றுப் பட்டால் வத்தல் காய்ந்து எடை குறையும் என்று ஜன்னலையெல்லாம் அடைத்து வைத்த அறையில், கார நெடிக்குள் உட்கார்ந்து கிள்ளிக் கிள்ளி, முதலில் தொண்டை கரகரக்கும், பிறகு குரல் நூலாக இளைக்கும், பிறகு நூலும் அறுந்துவிடும். ஊரில் அதற்கு வத்தல் தொண்டை என்று பேர். மண்டிக்காரர்கள் அப்படி ஒரு வியாதியே கிடையாது என்றார்கள். கோஷம் போட்டுப் போட்டுத் தொண்டையைக் கெடுத்துக்கொண்டாள், மற்றவளுக வாயாடி வாயாடிக் கெடுத்துக்கொண்டாளுக என்று தனுஷ்கோடி அண்ணாச்சி சொன்னார். அவரும் தணிந்த குரலில்தான் சொன்னார். பணம் சேரச் சேர மனிதருக்குக் குரல் இறங்கும், அது முதலாளிக் குரல் என்று ஊரில் மரியாதையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

ஜன்னலைத் திறக்க வேண்டும், நெடியை உறிஞ்சி வெளியே தள்ளும் காற்றாடி மாட்ட வேண்டும் என்று சங்கம் கொடுத்த மனு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் ஒரு பதில் வந்தது. தொழிலாளர் துறையிலிருந்து மருத்துவக் குழு ஒன்று தை பிறந்ததும் வரும், எல்லோர் முன்னிலையிலும் போர்ட்டலில் தேடிப் பார்க்கும், வியாதி இருப்பதாகத் தெரிந்தால் காற்றாடிக்கு உத்தரவு போடும், தெரியாவிட்டால் மனுவை முடித்து வைக்கும். அதாவது கையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள்.

அங்கேதான் சிக்கல். ரத்தச்சோகைக்கு எழும்பிய பெண்களின் கை தொண்டைக்கு எழும்பவே இல்லை. யார் எதைத் தேடியும், தொண்டை என்று தேடினாலும் குரல் என்று தேடினாலும், காம்பு கிள்ளுகிறவர்களின் கை மடியில் கிடந்தது கிடந்தபடி கிடந்தது. ஆவுடைத்தங்கத்துக்கு ரத்தச்சோகையும் இல்லை, சர்க்கரையும் இல்லை, தொண்டை ஒன்றுதான் பழுது. அதனால் அவள் கை ஒரு தடவைகூட எழும்பியதில்லை. ஊர் முழுக்கக் கை தூக்கி நிற்க, வாழ்க்கை பூராவும் கை தூக்கிய ஒருத்தி மட்டும் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். “என்ன தோழரக்கா, கருங்காலியாயிட்டீகளா?” என்று சர்க்கரைக்காரர்கள் டீக்கடையில் அவளைக் கிண்டல் செய்தார்கள்.

அவள் ஜெஸிந்தாவிடம் போய் நின்றாள். ஜெஸிந்தா அவள் நம்பரைப் பார்த்தாள். வியாதி என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. ஓரத்தில் யாரோ ‘தொண்டைக் கம்மல், சங்கத் தலைவி’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அப்படிச் சும்மா எழுதினதை போர்ட்டல் தேடாது என்று ஜெஸிந்தா விளக்கினாள். உலகத்து வியாதிகளுக்கெல்லாம் ஒரு சொல்மரம் இருக்கிறது. ஒவ்வொரு வியாதியும் இன்னொரு பெரிய வியாதிக்குக் கீழே கிளையாக நிற்கிறது. தேடுகிறவர் ஒரு சொல்லைத் தட்டினால் அந்தச் சொல்லும், அதற்குக் கீழே இருக்கிற கிளையும் கொப்பும் இலையும் எல்லாமும் சேர்ந்து வரும். மரத்தில் இல்லாத சொல் எவ்வளவு கத்தினாலும் வராது. வத்தல் தொண்டை மரத்தில் இல்லை. ஜெஸிந்தா மரத்தைத் திரையில் காட்டினாள். வேர் உச்சியில் இருந்தது, கிளைகள் கீழ்நோக்கித் தொங்கின.

“வேர் மேல இருக்கு, இலை கீழ கெடக்கு,” என்றாள் ஆவுடைத்தங்கம். “முதலாளி வச்ச மரமா?”

புதுச் சொல்லைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்றாள் ஜெஸிந்தா. தலைநகரத்தில் ஒரு சொற்குழு இருக்கிறது, எழுதினால் பரிசீலிப்பார்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினார்கள். வத்தல் தொண்டை என்றால் என்ன, யாருக்கு வரும், எப்படித் தொடங்கும், எப்படி முடியும் என்று ஆவுடைத்தங்கம் குசுகுசுக்க, ஜெஸிந்தா அதை ஆங்கிலத்தில் தட்டினாள். கிராதகர்கள் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டாள். சொற்குழுவிலிருந்து மரியாதையாகவே பதில் வந்தது. சொல் நல்ல சொல், சேர்க்கலாம், எந்தச் சொல்லுக்குக் கீழே சேர்ப்பது என்று தெரிய வேண்டும், ‘அதிகம் கத்துவதால் வரும் குரல் கேடு’ என்ற கிளைக்குக் கீழே சேர்க்கலாம் என்று தோன்றுகிறது, சம்மதமா என்று கேட்டிருந்தார்கள்.

அந்த வரியைக் கேட்டதும் ஆவுடைத்தங்கத்துக்கு வந்த ஆத்திரத்துக்கு, பழைய குரல் மட்டும் இருந்திருந்தால் ஜின்னிங் மில்லின் ஓடு பறந்திருக்கும். அண்ணாச்சி டீக்கடையில் சொன்னதைத் தலைநகரத்துக்காரன் தாளில் சொல்கிறான். ஜெஸிந்தாவுக்கும் கோபம்தான். கத்துவதற்குக் கீழே வேண்டாம் அக்கா, ‘குரல்வளை நோய்’ என்று பெரிய கிளை இருக்கிறது, அதற்குக் கீழே போடச் சொல்லுவோம் என்றாள்.

“அதுக்கும் கீழயா?” என்றாள் ஆவுடைத்தங்கம்.

“எல்லாம் ஏதாவது ஒண்ணுக்குக் கீழதான்க்கா இருக்கும்.”

“இருக்கிறவுக இருக்கட்டும். நாங்க இருக்க மாட்டோம்.”

ஜெஸிந்தா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். இது மேல் கீழ் விவகாரம் இல்லை, உட்கார வைக்கிற இடம் மட்டும்தான் என்றாள். இந்த நாட்டில் உட்கார வைக்கிற இடம்தான் மேல் கீழ் விவகாரமே என்று ஆவுடைத்தங்கம் திருப்பிச் சொன்னாள். அவள் படித்த துண்டுப் பிரசுரங்களில் இதற்குப் பதில் இல்லாத பக்கம் ஒன்றுகூட இல்லை. சங்கத்தைக் கூட்டினாள். வத்தல் தொண்டை எவனுக்கும் கீழே இல்லை, எவனுக்கும் மேலேயும் இல்லை, தனித்து நிற்கும் என்று தீர்மானம் வாசித்தாள். வாசித்த வேளையில் உலகத்தில் எங்கோ ரத்தச்சோகையைத் தேடினார்கள். ஏகமனதாக நிறைவேறியது.

சொற்குழுவுக்கு என்ன தோன்றியதோ, அப்படியே ஆகட்டும் என்று எழுதிவிட்டது. உச்சியில் இருக்கிற வேருக்கு ஓரமாக, எந்தக் கிளையிலும் ஒட்டாமல், கொடியில் காயப் போட்ட ஒற்றைத் துணி மாதிரி, வத்தல் தொண்டை என்ற சொல் மரத்தில் தொங்கியது. ஜெஸிந்தா காம்பு கிள்ளும் பெண்களின் நம்பர்களையெல்லாம் அந்தச் சொல்லோடு கோத்தாள்; குழாயில் ஊதிய மூச்சுகளை மறுபடி சோதித்து, அதே கோளாறு தெரிந்த மற்ற நம்பர்களையும் சேர்த்தாள். அந்த மற்ற நம்பர்கள் யாருடையவை என்று அவளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. பிறகு எல்லோரையும் மில் வாசலில் நிறுத்தி, வத்தல் தொண்டை என்று தட்டினாள். பெண்கள் அத்தனை பேரின் கையும் எழும்பியது. ஊருக்குள் வேறு எங்கே யார் கை எழும்பியது என்று யாரும் பார்க்கவில்லை. ஆவுடைத்தங்கத்தின் கை முதன்முதலாக எழும்பியது. அவள் முஷ்டியை மடக்கி, கட்டைவிரலை வெளியே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அன்றைக்குச் சங்கச் செலவில் எல்லோருக்கும் காராச்சேவு கொடுத்தார்கள். ‘உலக மரத்தில் எங்கள் சொல்’ என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கைகள் எழும்பவில்லை.

ஒரு வாரம் பார்த்தார்கள், இன்னொரு வாரம் பார்த்தார்கள். பக்கத்தில் சர்க்கரை எழும்பியது, கொதிப்பு எழும்பியது, மூட்டுவலி எழும்பியது. வத்தல் தொண்டை எழும்பவில்லை. கை எழும்பும்போது வளையல் நன்றாகத் தெரியட்டும் என்று சங்கத்து மாடத்தி புது வளையல் வாங்கிப் போட்டிருந்தாள். வத்தல் காரத்தில் அதன் சாயமே போய்விட்டது. வாய்த் துடுக்குக்குப் பேர் போனவள் அவள், குரல் பாதி போன பிறகும் துடுக்கு போகவில்லை. “தனியா நிக்கிறோம் தனியா நிக்கிறோம்னீக, இப்ப நல்லாத் தனியாத்தான் நிக்கிறோம் தோழரக்கா,” என்றாள். வத்தல் தொண்டை என்ற சொல் உலகத்தில் இந்த ஊருக்கு மட்டும்தான் தெரியும், தெரியாத சொல்லை யார் வந்து தட்டுவார்கள் என்று ஜெஸிந்தா சொன்னாள். எல்லோரும் பெரிய கிளையைத்தான் தட்டுகிறார்கள். பெரிய கிளையைத் தட்டினால் அதற்குக் கீழே இருப்பவர்கள் வருகிறார்கள். கீழே இல்லாதவர்களை யார் கூப்பிட்டார்கள். மருத்துவக் குழுவும் ‘குரல்வளை நோய்’ என்றுதான் தட்டும். சங்கத்துக்காரர்கள் சொல்லிக் கொடுத்த சொல்லைத் தட்டினால் அது சூது என்று மண்டிக்காரர்கள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆவுடைத்தங்கம் இதைக் கேட்டுவிட்டு, குழுவும் வேண்டாம் குலவையும் வேண்டாம் என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டாள். தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததை ஒத்துக்கொள்வதற்கு ஒரு வழி வேண்டியிருந்தது, அந்த வழிதான் தெரியவில்லை.

கார்த்திகையில் ஜில்லாத் தொழிலாளர் பேரணி கரிசல்பேட்டை வழியாகப் போனது. ஒவ்வொரு சங்கமும் தன் தன் சம்மேளனத்தின் கொடிக்குக் கீழே வந்தது. முன்னால் ஜீப்பில் இருந்தவர் மைக்கைப் பிடித்து, மண்டித் தொழிலாளர் சம்மேளனத்துத் தோழர்களே வாருங்கள் என்று கூப்பிட்டார். சுமை தூக்குகிறவர்கள், எடை போடுகிறவர்கள், சாக்குத் தைக்கிறவர்கள் எல்லோரும் சந்து சந்தாக வந்து சேர்ந்து நடந்தார்கள். காம்பு கிள்ளுகிறவர்களை அவர் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார். எந்தச் சம்மேளனத்துக்கும் கீழே போவதில்லை என்று பல வருஷங்களுக்கு முன்னால் ஆவுடைத்தங்கமே நிறைவேற்றி வைத்த தீர்மானம் அது. அவர்கள் இருப்பதே அந்த ஜீப்காரருக்குத் தெரியாது. சங்கத்துப் பெண்கள் கரும்புச்சாறுக் கடை ஓரத்தில் முஷ்டியைத் தயாராக மடக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். ஊர்வலம் அவர்களைத் தாண்டிப் போயிற்று. அதில் வந்த ஒருவர், வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் என்று நினைத்து, அவர்கள் கையிலேயே ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆவுடைத்தங்கம் அதை வாங்கிப் பார்த்தாள். ‘அறைகூவல்’ என்று இருந்தது. மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, போகிற கொடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தீர்மானத்துக்கு முன்னால் எத்தனை கொடிக்குக் கீழே நடந்திருக்கிறாள், அடி வாங்கியிருக்கிறாள். கொடி தலைக்கு மேலே இருக்கிறதே என்று ஒருநாளாவது அவமானப்பட்டதுண்டா. நிழலுக்கு நின்றிருக்கிறாள், அது சாயாமல் பிடித்தும் இருக்கிறாள். ஊர்வலத்தின் கடைசி ஆள் மறைகிறவரைக்கும் நின்றுவிட்டு, மாடத்தியைக் கூட்டிக்கொண்டு நேராக ஜின்னிங் மில்லுக்குப் போனாள்.

“கீழ போடு,” என்றாள் ஜெஸிந்தாவிடம்.

ஜெஸிந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

“குரல்வளைக்குக் கீழ போடு. ஆனா அது மட்டும் போதாது. வேலையில வந்த சீக்குன்னு ஒரு கிளை இருக்கும்ல? அதுக்குக் கீழயும் போடணும்.”

“ரெண்டுக்குக் கீழயும் போடலாம்க்கா. மரத்துல அதுக்கு எடம் உண்டு.”

“அப்ப இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல தாயி.”

“நீங்க எங்கக்கா சொல்ல விட்டிய?” என்றாள் ஜெஸிந்தா.

தாய் ஒன்று தகப்பன் ஒன்று ஆயிற்று, இனி வத்தல் தொண்டைக்குப் பேர் வைத்துக் காது குத்த வேண்டியதுதான் பாக்கி என்றாள் மாடத்தி. ஆவுடைத்தங்கம் சிரிக்கவில்லை, ஆனால் திட்டவும் இல்லை. சொற்குழுவுக்கு எழுதிப் போட்டார்கள். மரத்தில் ஒரு கொப்பை வெட்டி இன்னொரு கிளையில் ஒட்ட வேண்டுமானால் அவர்கள் கூடிப் பேச வேண்டும், பேசினாலும் புது மரம் போர்ட்டலுக்கு வருவதற்கு நாள் பிடிக்கும், அது எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. மார்கழி முழுக்க ஜெஸிந்தா காலையில் வந்ததும் மரத்தைத் திறந்து பார்த்தாள்; வத்தல் தொண்டை வேர் ஓரத்திலேயே தொங்கியது. தை பிறந்தது. குழு வருகிற நாளன்று காலையிலும் அங்கேதான் தொங்கியது.

குழுவில் மூன்று பேர் வந்தார்கள். தலைமை டாக்டர் வெளுத்த சட்டையும் சாந்தமான முகமுமாக இருந்தார். மண்டிக்குள் நுழைந்ததும் தும்மினார், தும்மல் நின்ற பிறகு வணக்கம் சொன்னார். தனுஷ்கோடி அண்ணாச்சி நாற்காலி போட்டு, எள் உருண்டையும் டீயும் வைத்தார். டீயை அந்த எவர்சில்வர் டம்ளரில்தான் கொடுத்தார். ஒரு பக்கம் மண்டிக்காரர்கள், ஒரு பக்கம் காம்பு கிள்ளும் பெண்கள், நடுவில் ஒரு வத்தல் மூட்டையின்மேல் லேப்டாப். கை எழும்பினால் சாட்சி சொல்வதற்கு ஊரே சாக்குகளின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கண்டக்டர் பஸ்ஸைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

டாக்டர் ‘குரல்வளை நோய்’ என்று தட்டினார். எல்லோரும் பெண்களின் கையைப் பார்த்தார்கள். கோவில் நாயனக்காரரின் கை எழும்பியது. ரிட்டையரான ஒரு வாத்தியாரின் கை எழும்பியது. அதோடு நின்றது.

பெண்கள் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாடத்தி மட்டும் இடது கையால் வலது கையை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். ஆவுடைத்தங்கம் அதைத் தட்டி இறக்கினாள். பொய்க் கை வேண்டாம். அண்ணாச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன்னுடைய தணிந்த குரலில், நான்தான் சொன்னேனே, வாயாடினால் வருவதற்குப் பேர் வியாதி இல்லை, ஐயாமார் டீயைக் குடியுங்கள், ஆறிவிடும் என்றார். டாக்டர் டம்ளரை எடுத்தார். மனுவை முடித்து வைப்பதற்கு அவர் பேனாவைத் திறக்க வேண்டியதுதான் மிச்சம்.

ஜெஸிந்தா மட்டும் தன் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள், டாக்டருக்கு முன்னால் வந்து நின்று, “சார், மரம் இப்பத்தான் மாறியிருக்கு. அதே சொல்ல இன்னொரு தடவ தட்டுங்க,” என்றாள்.

வேறு சொல்லைத் தட்டக் கூடாது என்றார்கள் மண்டிக்காரர்கள். வேறு சொல் இல்லை, அதே சொல்தான் என்றாள் அவள். அதே சொல்லை எத்தனை தடவை தட்டினால் என்ன, வருவதுதான் வரும், நன்றாகத் தட்டட்டும் என்று அண்ணாச்சி பெரிய மனது பண்ணினார். டாக்டர் டம்ளரை வைத்துவிட்டு மறுபடியும் தட்டினார்.

திரையில் சக்கரம் சுற்றியது. நாயனக்காரரின் கையும் வாத்தியாரின் கையும் எழும்பின. பிறகு மாடத்தியின் கை, சாயம் போன வளையல் முழங்கை வரைக்கும் இறங்க, எழும்பியது. அவளுக்குப் பக்கத்துக் கை எழும்பியது, அதற்குப் பக்கத்துக் கை, பின்வரிசை, அதற்கும் பின்வரிசை, சுவரில் சாய்ந்து நின்றவர்கள், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், மண்டியின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும், காரம் ஏறிச் சிவந்த விரல்களாக எழும்பிக்கொண்டே வந்தன. ஒரு சத்தம் இல்லை. சத்தம் போடுவதற்கு அவர்களில் ஒருத்திக்கும் குரல் இல்லை. ஆவுடைத்தங்கத்தின் கை கடைசியாக எழும்பியது. யாரோ முழங்கையைப் பிடித்து, வா தோழர், என்று எழுப்பிவிட்டது போல இருந்தது. வாழ்நாளெல்லாம் முஷ்டி மடக்கியவளுக்கு அந்த நேரம் மடக்கத் தோன்றவில்லை. விரல்களை விரித்தபடியே, வகுப்பில் பேர் கூப்பிட்டதற்கு உள்ளேன் சொல்லுகிற பிள்ளை மாதிரி நின்றாள். அவள் போகாத பள்ளிக்கூடம்.

டாக்டர் எழுதத் தொடங்கினார். ஜன்னல் என்று எழுதினார், காற்றாடி என்று எழுதினார், நடுவில் ஒரு தடவை தும்மினார். எழுதி நிமிர்ந்தவர், எதிர்ப்பக்கம் பார்த்து அப்படியே நின்றார். ஊரும் பார்த்தது.

மண்டிக்காரர்கள் வரிசையின் நடுவில், நாற்காலியில், தனுஷ்கோடி அண்ணாச்சியின் வலது கை எழும்பி நின்றது. ஜன்னல் அடைத்த அறைக்கு வெளியே, கதவை ஒட்டிப் போட்ட மேஜையில், காலமெல்லாம் உட்கார்ந்து எடை பார்த்த மனிதர். கதவு என்ன, நெடியை ஆள் பார்த்தா நிறுத்தும். அவர் இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லுவதற்கு வாயைத் திறந்தார்; இத்தனை வருஷமும் முதலாளிக் குரல் என்று ஊர் மரியாதை செய்த அந்தக் குரல், கரகரத்து, நூலாக இளைத்து, பாதியில் அறுந்தது. மண்டி முழுக்க அது எல்லோருக்கும் பழகிய சத்தமாக இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. ஆவுடைத்தங்கம் உயர்ந்த கையோடேயே நடந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு குரல் இல்லாதவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்க ஊர் காதைத் தீட்டிக்கொண்டது.

“அண்ணாச்சி,” என்றாள், “கையத் தூக்கினது தூக்கிட்டீக. விரிச்சு வைக்காதீக. மடக்குங்க.”

அவர் அவளைப் பார்த்தார், கையைப் பார்த்தார், சுற்றிலும் உயர்ந்து நின்ற கைகளைப் பார்த்தார். பிறகு, யாரும் கவனிக்கவில்லை என்பதுபோல முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.

“கட்டைவிரல் வெளிய இருக்கணும்,” என்றாள் ஆவுடைத்தங்கம்.